சுங்கை பூலோவுக்குக் கடிகாரம் பார்த்துப் போகாதீர்கள்

13 அக்டோபர் 2024, ஒரு வாசகரின் கேள்வி

எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறீர்களே என்று நேற்று குடும்பத்தோடு சிங்கப்பூரின் வடக்குக் கரையில் இருக்கிற சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்துக்குப் போனோம். மதியம் இரண்டு மணி. பெரிய உடும்பு ஒன்று, நாலைந்து கொக்கு, கணக்கில்லாத கொசு. சைபீரியாவிலிருந்து வருகிற பறவை என்றெல்லாம் சொன்னீர்களே, எங்கே? சின்னவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். இதற்கு ஜூரோங் லேக் கார்டன்ஸ் பூங்காவே தேவலை. நேர்மையாகச் சொல்லுங்கள், அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

13 அக்டோபர், இரவு

இருக்கிறது. நேற்று மதியம் இரண்டு மணிக்கு அது மண்டாயில் இருந்தது.

கடல் வற்றும்போது கிழக்கே மண்டாய்ப் பக்கம் பெரிய சேற்றுப் பரப்பு வெளியே தெரியும். புழுவும் சிப்பியும் நண்டும் அங்கேதான். பறவைகளுக்கு அது சாப்பாட்டு நேரம், எல்லாம் அங்கே போய்விடும். நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் உட்கார இடம் தேடி சுங்கை பூலோ குளங்களுக்கு வரும். நமக்குத் தெரிவது அப்போதுதான். நேற்று மதியம் கடல் வற்றிக் கிடந்த நேரம். காலி மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஆகவே காலையா மாலையா என்று கேட்காதீர்கள், கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வானிலைச் செயலியிலேயே போட்டிருக்கிறான்.

14 அக்டோபர்

செயலியெல்லாம் வேண்டாம், சுலபமாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்ட அக்காவுக்கு: வீட்டில் தினசரி காலண்டர் தொங்குகிறதல்லவா? அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். அந்த நாள்களை ஒட்டி சிங்கப்பூரில் நீர் உச்சத்துக்கு ஏறுவது ஏறக்குறைய நண்பகலில், நன்றாக வற்றுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் எல்லாம் தலைகீழ்: ஏற்றம் விடியலிலும் அந்தியிலும், வற்றுவது நண்பகலில். அந்த நாள்களில் ஏற்றமும் சுமார்தான்.

கேள்வி கேட்டவர் போனது விஜயதசமி அன்று. தசமி, மதியம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார் எங்கள் அப்பத்தா. பறவை பார்க்கவும் பொருந்தும்போல. (சிரிப்புக்குத்தான். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

14 அக்டோபர், மறுபடி

ஒன்றை விட்டுவிட்டேன். உச்ச நேரத்துக்குப் போய் இறங்காதீர்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், பறவைக்குத் தெரியாமல் பார்ப்பதற்கான மறைவுக் குடிலில் உட்கார்ந்துவிடுங்கள். பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்ப்பதுதான் விஷயம். வந்து தூங்க ஆரம்பித்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்புக் கட்டிகள். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுமில்லை.

16 அக்டோபர்

"அது இயற்கையே இல்லை, மனிதன் வெட்டின குளம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. அங்கே இருந்தது இறால் குளமும் மீன் பண்ணையும். 1986இல் பறவை பார்க்கிறவர்கள் சிலர் அங்கே வலசைப் பறவைகள் கூடுவதைக் கவனித்தார்கள். அப்போது மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையாக இருந்த அமைப்பு, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தது. 87 ஹெக்டேரில் இயற்கைப் பூங்காவாக 1993 டிசம்பரில் திறந்தார்கள். 2002இல் சட்டப்படி வனக்காப்பகம். இப்போது 202 ஹெக்டேர்.

ஆனால் அந்த வெட்டின குளம்தான் பறவைகளுக்குப் பிடித்தது. பண்ணைக்காரர் ஏற்றத்தில் மதகைத் திறந்து கடல்நீரையும் அதோடு வரும் இறால் குஞ்சுகளையும் உள்ளே விடுவார், பிறகு வற்றும்போது மதகில் வலை கட்டிப் பிடிப்பார். அதே மதகு வித்தையைத்தான் இன்றைக்குக் காப்பகத்தார் பறவைக்காகச் செய்கிறார்கள்: வெளியே கடல் ததும்பி நிற்கும்போது குளத்துக்குள் நீரைக் குறைத்து வைக்கிறார்கள், உள்ளே சேறு தெரிகிறது, பறவை இறங்குகிறது. குளத்தை அப்படியே விட்டிருந்தால் காடு மூடியிருக்கும்.

எனக்கு முத்துப்பேட்டைப் பக்கம். அங்கே அலையாத்திக் காட்டைப் படகில் போய்ப் பார்ப்போம், காடு நம்மை விலகிப் போகிற மாதிரி இருக்கும். இங்கே பலகை நடைபாதையில் வேர் மட்டத்துக்கு நடக்கிறோம். ஊரில் கிட்டத்தட்ட ஒரே மரம்தான், வெண்கண்டல். இங்கே சுரபுன்னை, அலையாத்தி, தில்லை என்று கலந்து நிற்கிறது. ஆமாம், சிதம்பரத்துத் தில்லையேதான். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சலில் பார்வை போகும். பெயர்ப் பலகையைப் பார்த்து பக்தியில் கிளையை ஒடித்துவிடாதீர்கள்.

20 அக்டோபர்

கேள்வி கேட்டவர் நேற்று மறுபடி போயிருக்கிறார். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், காலை பத்தரைக்குக் குடிலில். "நூற்றுக்கணக்கில்" என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் மகன் என்ன சொன்னான் என்று எழுதவில்லை பார்த்தீர்களா? அதிலிருந்துதான் எனக்கு யோசனை.

21 அக்டோபர்

யோசித்துப் பார்த்தேன். நான் மேலே சொன்னதெல்லாம் பெரியவர்களுக்கு. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ஏற்றத்தை விடுங்கள், நீர் வற்றும்போதே போங்கள். பறவை இருக்காது. பரவாயில்லை. தூரத்தில் இருக்கிற பறவையைத் தொலைநோக்கியில் பிடிக்க அவர்களுக்குப் பொறுமை ஏது.

வற்றின சேற்றில் கைப்பிடியோரம் குனிந்து பாருங்கள். பிடில் நண்டு, ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிசு, அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்தில் கலங்கல் நீர் நிற்கும், விளிம்பில் இரண்டு தவளைக் கண். அதுதான் பெரிய மட்ஸ்கிப்பர். ஒரு சாண் இருக்கும். மீன்தான், ஆனால் முன் துடுப்பை ஊன்றி ஏறி வந்து சேற்றில் உட்கார்ந்திருக்கும். தோல் ஈரமாக இருந்தால்தான் அதற்கு வெளியே மூச்சு, அதனால் அடிக்கடி பக்கவாட்டில் புரண்டு ஈரம் ஏற்றிக்கொள்ளும். என் மகள் ஒரு தடவை பார்த்த மீன், வாய் நிறையச் சேற்றைக் கவ்விப் பள்ளத்து ஓரத்தில் கொண்டுவந்து துப்பியது. திரும்பப் போனது. மறுபடி கவ்வியது. வளைக்கு மராமத்து வேலை. பக்கத்து மட்ஸ்கிப்பர் அரை அடி நெருங்கியதும் முதுகுத் துடுப்பை விறைத்து வாயைப் பிளந்தது. அவன் பின்வாங்கியதும் மறுபடி சேறு சுமக்கப் போய்விட்டது. மகளை அங்கிருந்து கிளப்ப ஐஸ்கிரீம் வாக்குறுதி தேவைப்பட்டது.

ஆக, கேள்வி கேட்ட நண்பர் முதல் தடவை போனது பிள்ளைக்குச் சரியான நேரமேதான். மேலேயே பார்த்து நடந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

21 அக்டோபர், மாலை

முதலை பற்றி ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

உண்டு. உவர்நீர் முதலை, கூண்டில் இல்லை. நீர் வற்றும்போது பாலத்துக்குக் கீழே இரண்டு பக்கச் சேற்றுக் கரையையும் பாருங்கள், வெயில் காயும். மரக்கட்டை என்று தோன்றினால் இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள். மரக்கட்டைக்கு மேலே கொக்கு உட்காரும், முதலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காரும். என்னுடைய சோதனை இதுதான், விஞ்ஞானம் இல்லை.

பாதையை விட்டு இறங்காதீர்கள். பாறையில் நின்று படம் எடுக்கிறேன் என்று நீரோரம் போகாதீர்கள். முதலை பாதைக்கே வந்தால் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து வாருங்கள். பாலத்திலிருந்து கல்லெறிந்து "அசையுதா பார்" என்ற ஓர் அப்பாவைப் பார்த்தேன். அவர் பிள்ளைதான் அவரைத் திட்டினான்.

22 அக்டோபர்

உடும்பு குறித்து: நீங்கள் பார்த்தது மலாயா நீர் உடும்பு. நம் ஊர் உடும்பைவிடப் பெரிசு, நீந்தும். சாதுதான், வழியில் படுத்திருந்தால் நீங்கள் நில்லுங்கள், அதுவே போகும். விரட்டினால் வாலால் விளாசும்.

குரங்கு இருக்கிறது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் வந்து நிற்கும். முறுக்குப் பாக்கெட்டைப் பையின் அடியில் வையுங்கள்.

முசுறு எறும்பு இருக்கிறது. இதை யாரும் எச்சரிப்பதில்லை. இலைகளை மடக்கி ஒட்டிய கூடு தலைக்கு மேலே தொங்கும், கைப்பிடிக் கம்பிதான் அதற்கு நெடுஞ்சாலை. கம்பியில் கை வைக்குமுன் பாருங்கள். முதலைக்குப் பயந்து கம்பியைக் கெட்டியாகப் பிடித்தவர்கள்தான் மாட்டுவார்கள்.

27 அக்டோபர்

எப்படிப் போவது என்று தனியாகத் திரி தொடங்க வேண்டாம், இங்கேயே: கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையம், அங்கிருந்து 925 பேருந்து. ஞாயிறும் பொது விடுமுறையும் வழித்தடம் வேறு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் இரண்டு. கிராஞ்சி வே பக்கம் உள்ளது 2014இல் திறந்த விரிவாக்கம். அங்கிருந்து கடலோர நடைபாதை வழியாகப் பழைய பகுதிக்குப் போகலாம், ஒரு கிலோமீட்டருக்கு மேல். நியோ தியூ கிரெசண்ட் பக்கம் பழைய வாசல், பறவைக் குளங்களுக்கு அது கிட்டம். வலசைப் பறவைப் பாதை முழுக்கச் சுற்ற ஏறக்குறைய 2 கிலோமீட்டர். காலை 7 முதல் மாலை 7, கட்டணம் இல்லை. சைக்கிளும் நாயும் கூடாது.

தண்ணீரும் கழிப்பறையும் வாசல் பக்கங்களில்தான். நடுவில் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளை முதலிலேயே போக வைத்துவிடுங்கள்.

அப்புறம், "கிராஞ்சி மார்ஷஸும் இதுவும் ஒன்றுதானே" என்ற தம்பிக்கு: இல்லை. அது கிராஞ்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய நன்னீர்ச் சதுப்பு. கடல் ஏற்றம் அங்கே செல்லாது. 1970களில் அணை கட்டி ஆற்றை நீர்த்தேக்கமாக்கினார்கள், அதிலிருந்து அது வேறு உலகம். தாழைக்கோழிக்கு அங்கே போங்கள், உள்ளானுக்கு இங்கே வாருங்கள்.

3 நவம்பர்

தீபாவளி அமாவாசை வார இறுதி, வலசைக் காலத்தின் நடு. விடுவேனா. வீட்டில் "பட்சணம் கொடுக்க நாலு வீடு பாக்கி இருக்கு" என்றார்கள். பட்சணம் கெட்டுப்போகாது, ஏற்றம் காத்திருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இரண்டு வீட்டுக்குக் காலையிலேயே கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

நேற்று குடிலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளத்தில் பாதிச் சேறு, நாரைகள் மட்டும். கொஞ்ச நேரத்தில் மேலே சீழ்க்கைச் சத்தம், ஏழெட்டு விம்பிரல் இறங்கின, வளைந்த நீள மூக்கு. பின்னாலேயே ரெட்ஷாங்க் என்கிற சிவப்புக்கால் உள்ளான் கூட்டம், இறங்கும்போதே தகராறு. யார் எந்த இடம் என்று தள்ளுமுள்ளு முடிந்ததும், எல்லாம் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒற்றைக் காலை வயிற்றில் செருகி, மூக்கை முதுகில் புதைத்துக்கொண்டன. நடுவில் ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து மூடித் திறந்துகொண்டே இருந்தது. திடீரென்று மொத்தக் கூட்டமும் எழுந்து ஒரு சுற்று. ஏன் என்று நமக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சீனப் பெரியவர், பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருந்தவர், மரத்து உச்சியைக் காட்டினார். வெண்வயிற்றுக் கடல் கழுகு.

லென்ஸ்காரர்களைப் பற்றி இங்கே நாலு பேர் சலித்துக்கொண்டீர்கள். குடிலை அடைத்துக்கொள்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் எது எங்கே என்று கேட்டால் சொல்கிறார்கள், திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். தொலைநோக்கி இல்லாமல் போகிறவர்கள் அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள்.

4 நவம்பர்

"சைபீரியாவிலிருந்தேதானா, யார் பார்த்தது" என்ற சந்தேகத்துக்கு. காலில் அடையாளக் கொடி, சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை கிழக்கு ஆசிய–ஆஸ்திரேலிய வலசைத் தடத்தில் வருபவை, சீனா கொரியா நடுவே மஞ்சள் கடல் சேற்றில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு. ஆச்சரியம் என்னவென்றால் சுங்கை பூலோவில் கருவி கட்டிய ரெட்ஷாங்க் சில, வடமேற்கே இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போய்க் குஞ்சு பொரித்தன. சைபீரியா என்று எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி எழுத வேண்டாம்.

9 நவம்பர்

மஞ்சள் மூக்கு நாரையைப் படம் எடுத்து, "கூந்தன்குளத்திலிருந்து நம்மாள் வந்திருக்கான்" என்று போட்டிருக்கிறீர்கள். கனவைக் கலைக்க மனமில்லை, ஆனால் அது மண்டாய் விலங்குத் தோட்டத்திலிருந்து வெளியே வந்து பெருகிய வம்சம். அதோடு இன்னொரு சிக்கல், இந்த வட்டாரத்துப் பால்நிற நாரை அருகிவரும் இனம், இவை இரண்டும் கலந்து கலப்பினக் குஞ்சுகள் வருகின்றன. நாரைக்கு அதில் குறையில்லை, இனத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்குத் தலைவலி.

நீர்நாய் கேட்டவருக்கு: பீஷானிலும் காலாங்கிலும் கோய் மீனைச் சாப்பிட்டுச் செய்தியில் வருகிறதே, அந்த இனம் இந்த நாட்டில் மறுபடி குடியேறத் தொடங்கியதே 1990களின் கடைசியில் சுங்கை பூலோவில்தான். இப்போது நகரத்தில் பார்ப்பதுதான் சுலபம். அதற்காக இவ்வளவு தூரம் வராதீர்கள்.

24 நவம்பர்

நேற்று போனவர்கள் நனைந்தார்களாம். நவம்பர், டிசம்பரில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இடி கேட்டால் குடிலுக்குள் போய்விடுங்கள், பறவை பார்க்கும் கோபுரத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். குடை வேண்டாம், குடை விரித்தால் பறவை கிளம்பிவிடும், பக்கத்திலிருப்பவர் கண்ணையும் குத்தும். மழைக்கோட்டு.

மழையில் திரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. கிராஞ்சி போர் நினைவிடம் எம்ஆர்டி போகும் வழியிலேயே கொஞ்சம் தள்ளி. சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கல்லறை இல்லாதவர்கள், அதில் நம் இந்தியப் படை வீரர்கள் ஏராளம். பின்பக்கம் தனியாக ஒரு நினைவுச்சின்னம், எரியூட்டப்பட்டவர்களுக்கு, கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் இந்தியர். என் மகள் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டே நடந்தாள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் இறங்கிய கிராஞ்சிக் கடற்கரையும் காப்பகத்துக்குப் பக்கம்தான். நாம் முதலை தேடுகிற அதே சேறு.

12 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் மாமியாரை அழைத்துப் போகலாமா என்றவருக்கு: போகலாம், முழுச் சுற்று வேண்டாம். கிராஞ்சி வே பக்கம் இறங்கி, குளம் சுற்றி, கடலோரத்தில் பெஞ்சில் உட்கார வையுங்கள். எதிரே ஜோகூர் பாருக் கட்டடங்கள் தெரியும். "அதுவா மலேசியா, இவ்வளவுதானா" என்பார்கள். எல்லார் மாமியாரும் அதையே சொல்கிறார்கள்.

கொசு மருந்து கட்டாயம். வெளிர் நிறச் சட்டை. மல்லிகைப்பூ வாசத்துக்குக் கொசு வருமா என்று கேட்டிருந்தீர்கள், என் வீட்டு அனுபவத்தில் பூ வைத்தவர், வைக்காதவர் இருவருக்கும் சமமாகக் கடித்தது.

16 மார்ச் 2025

இப்போது போங்கள். வலசைப் பறவைகள் கிளம்பும் காலம். எல்லாம் தின்று கொழுத்திருக்கின்றன, உடையும் மாறுகிறது. அக்டோபரில் மங்கலாக வந்த உப்புக்கொத்திகளில் சிலவற்றுக்கு இப்போது முகமும் வயிறும் கறுப்பு, முதுகில் பொன் புள்ளி. ஏப்ரல் தாண்டினால் பெரும்பாலானவை போய்விடும். செப்டம்பர் வரை மட்ஸ்கிப்பர், உடும்பு, முதலை, அவ்வளவுதான்.

17 மார்ச்

ரெட்ஷாங்கையும் கிரீன்ஷாங்கையும் எப்படிப் பிரித்தறிவது என்று பள்ளி ஒப்படைப்புக்காகக் கேட்ட மாணவிக்கு: ரெட்ஷாங்குக்குக் கால் ஆரஞ்சுச் சிவப்பு, கிரீன்ஷாங்குக்குப் பச்சை கலந்த சாம்பல், மூக்கு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். கால் சேற்றில் புதைந்து நிறமே தெரியவில்லை என்றால் அது பறக்கும்வரை காத்திரு. ரெட்ஷாங்கின் இறக்கைப் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். கிரீன்ஷாங்குக்கு இறக்கையில் அது கிடையாது, முதுகில் மட்டும் ஆப்பு வடிவில் வெள்ளை.